மார்பகப் புற்றுநோய் அறிக்கை: திசு வகை, வயது, ஹார்மோன் ஏற்பி மூன்றையும் ஒத்துப் பார்ப்பது எப்படி

பயாப்சி அறிக்கையில் 'புற்றுநோய்தான்' என்ற வரியைப் படித்ததும் பல வீடுகளில் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். சிகிச்சையை முடிவு செய்யும் விவரமெல்லாம் அந்த வரிக்குக் கீழேதான் இருக்கிறது: கட்டி எந்தத் திசு வகை, எத்தனையாம் தரம், ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு செல்லை வளரச் சொல்லும் புரதம்) எத்தனை சதவீதம், ஹெர்-2 என்ற வளர்ச்சி ஏற்பி எவ்வளவு. இவை நோயாளியின் வயதோடும் ஒன்றுக்கொன்றும் பெரும்பாலும் பொருந்தி வரும். பொருந்தவில்லையென்றால் ஒன்று அது அபூர்வமான கட்டி, இல்லையென்றால் சோதனையில் எங்கோ கோளாறு. எது என்று கீமோவோ மாத்திரையோ தொடங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கம் சிகிச்சை பெறும் தமிழ்க் குடும்பங்கள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்க்க இந்தக் குறிப்பு உதவும்.

அறிக்கையை வாங்கும்போது

அரசு மருத்துவமனையில் எடுத்த திசு தேசிய சுகாதார ஆய்வகச் சேவைக்குப் போகும். தனியாரில் எடுத்தது லான்செட், ஆம்பாத் போன்ற ஆய்வகங்களுக்குப் போகும். எங்கே போனாலும் அறிக்கை ஆங்கிலத்தில்தான் வரும். நகல் கேட்கத் தயங்க வேண்டாம். நோயாளியின் உடல்நிலையையும் சிகிச்சை வழிகளையும் கூடுமானவரை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்கிறது 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம். ஆயாவுக்குத் தமிழ்தான் வரும் என்றால் பேரப்பிள்ளை ஒருவர் உடன் வந்து கேட்டுச் சொல்வார் என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மேல்பகுதி. கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்ற குடும்பப் பெயர்கள் டர்பனில் எந்த வரிசையிலும் பத்துப் பேருக்கு இருக்கும். முதல் பெயரும் ஒத்துப்போவது உண்டு. அதனால் பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த தேதி, மருத்துவமனை எண், இடது மார்பா வலது மார்பா, திசு எடுத்த தேதி ஆகியவற்றையும் சரிபாருங்கள். பிறந்த தேதியில் பிழை இருந்தால் அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். வயதை வைத்து எடுக்கப்போகும் முடிவுகள் பல இருக்கின்றன.

அடுத்தது, அறிக்கை முழுமையாக வந்திருக்கிறதா என்பது. திசு வகையும் தரமும் முதலில் வரும். ஏற்பிச் சோதனைக்குத் தனியாகச் சாயம் ஏற்ற வேண்டியிருப்பதால் அது துணை அறிக்கையாகச் சில நாள் கழித்து வரும். பலர் கையில் முதல் பாகம் மட்டும்தான் இருக்கும். 'ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டரான் ஏற்பி, ஹெர்-2 மூன்றும் வந்துவிட்டதா?' என்று நேராகக் கேளுங்கள். அறிக்கையில் இவை ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று சுருக்கமாக இருக்கும்.

திசுவை எப்படி எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்தால் தனித்தனிச் செல்கள்தான் வரும். அது புற்றுநோயா இல்லையா என்று சொல்ல உதவும். குழாயைத் தாண்டிப் பரவியிருக்கிறதா, எத்தனையாம் தரம் என்பதற்குப் போதாது. தடித்த ஊசியால், வழக்கமாக 14 கேஜ், சில துண்டுகள் எடுப்பதுதான் முறை. மெல்லிய ஊசி முடிவை மட்டும் வைத்து அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தால், தடித்த ஊசி பயாப்சி ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது நியாயமான கேள்வி.

திசு வகை என்ன சொல்கிறது

இன் சிட்டு என்று மட்டும் இருந்தால் செல்கள் பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கின்றன, சுவரை உடைத்து வெளியே வரவில்லை என்று பொருள். இதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பார்ப்பார்கள்; ஹெர்-2 பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அது இல்லாததால் அறிக்கை குறையுள்ளது என்று நினைக்க வேண்டாம். இன்வேசிவ் என்ற சொல் இருந்தால் வெளியே பரவத் தொடங்கிய புற்றுநோய். இனி வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

நூற்றுக்கு எழுபது, எழுபத்தைந்து பேருக்கு வருவது 'சிறப்பு வகை எதிலும் சேராதது'. பழைய அறிக்கைகளிலும் மருத்துவர்கள் பேச்சிலும் இதுதான் இன்வேசிவ் டக்டல் கார்சினோமா. இது எந்த வயதிலும் வரும், ஏற்பி எப்படியும் இருக்கலாம். எனவே இந்த வகையில் பெயரைவிடத் தரம்தான் அதிகம் சொல்லும். தரத்தை நாட்டிங்ஹாம் முறையில் கணக்கிடுகிறார்கள். செல்கள் குழாய் வடிவத்தை எவ்வளவு காப்பாற்றியிருக்கின்றன, உட்கரு எவ்வளவு விகாரமாக இருக்கிறது, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற மூன்றுக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 முதல் 5 வரை தரம் 1, 6 அல்லது 7 வந்தால் தரம் 2, 8 அல்லது 9 வந்தால் தரம் 3. தரம் கூடக் கூடக் கட்டி முரடு. நல்ல அறிக்கையில் கூட்டுத்தொகை மட்டுமல்லாமல் மூன்று எண்ணும் தனித்தனியாக இருக்கும்.

அடுத்தது லோபுலார், நூற்றுக்கு 5 முதல் 15 வரை. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கெட்ஹெரின் என்ற புரதம் இதில் இல்லாமல் போவதால், செல்கள் கட்டியாகத் திரளாமல் ஒற்றை வரிசையில் திசுவுக்குள் ஊடுருவும். தடவிப் பார்த்தால் கட்டி போலத் தெரியாது, தடிப்பு போல இருக்கும். மேமோகிராமிலும் உண்மையான அளவு பிடிபடாது. அதனால் அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. டக்டலைவிடச் சற்று மூத்த வயதில் வருவது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஏறக்குறைய எப்போதும் இருக்கும், ஹெர்-2 பெரும்பாலும் இருக்காது. பல வருடம் கழித்துத் திரும்பினால் குடல், வயிற்று உறை, சினைப்பை என்று எதிர்பாராத இடத்திலும் வரலாம் என்பதால், லோபுலார் வந்தவர் தீராத வயிற்று உப்பசம் என்று டாக்டரிடம் போகும்போது பழைய நோயின் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டியூபுலார், மியூசினஸ், கிரிப்ரிஃபார்ம், பாப்பிலரி என்ற பெயர்கள் வந்தால் பெரும்பாலும் மெதுவாக வளரும் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகான வயது, பலமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. மியூசினஸ் எழுபதை ஒட்டிய வயதில் அதிகம். ஆனால் 'தூய' என்ற அடைமொழி முக்கியம்: கட்டியில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த வகையாக இருந்தால்தான் அந்த நல்ல பெயர் செல்லும். 'மியூசினஸ் அம்சத்தோடு கூடிய' என்று இருந்தால் சாதாரண டக்டலாகவே கருதுங்கள்.

மறுபக்கம் மெடுல்லரி அமைப்பு. இளம் வயது, தரம் 3, மூன்று ஏற்பியும் நெகட்டிவ், பரம்பரையாக வரும் பிஆர்சிஏ1 ஜீன் மாற்றத்தோடு அடிக்கடி சேர்ந்து வருவது. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதைத் தனி வகையிலிருந்து எடுத்து, பொது வகைக்குள் ஓர் அமைப்பாக வைத்துவிட்டது. மெட்டாபிளாஸ்டிக் வகையும் பெரும்பாலும் மூன்றும் நெகட்டிவ்தான். வேகமாக வளரும், கீமோவுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது.

அதிகம் பேசப்படாத இரண்டு வகைகளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: அடினாய்ட் சிஸ்டிக், செக்ரிட்டரி. இரண்டும் அபூர்வம், இரண்டிலும் ஏற்பிகள் வழக்கமாக நெகட்டிவ், ஆனாலும் இரண்டும் பெரும்பாலும் சாதுவான கட்டிகள். 'மூன்றும் நெகட்டிவ்' என்ற ஒரே வரியைப் பார்த்துக் கடுமையான கீமோ தொடங்கினால் தேவையில்லாத வேதனைதான் மிஞ்சும். ஏற்பி வரியை ஒருபோதும் திசு வகை வரியிலிருந்து பிரித்துப் படிக்காதீர்கள்.

ஏற்பி எண்களைப் படிப்பது

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி செல்லின் உட்கருவில் இருக்கும். சாயம் ஏற்றி, எத்தனை சதவீதம் உட்கரு நிறம் பிடித்திருக்கிறது, எவ்வளவு அழுத்தமாக என்று பார்க்கிறார்கள். 1 சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ். 1 முதல் 10 வரை இருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிக்கச் சொல்கிறது 2020ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல். அந்தக் குறைந்த பாசிட்டிவ் கட்டிகள் பல நடத்தையில் நெகட்டிவ் கட்டிகளைப் போலவே இருக்கின்றன. அதனால் வெறும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 95 சதவீதமும் பாசிட்டிவ், 3 சதவீதமும் பாசிட்டிவ். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. சில ஆய்வகங்கள் சதவீதத்துக்குப் பதிலாக ஆல்ரெட் மதிப்பெண் தரும்: பரவலுக்கு 5 வரை, அழுத்தத்துக்கு 3 வரை, மொத்தம் 8. அதில் 3 அல்லது அதற்கு மேல் பாசிட்டிவ்.

புரோஜெஸ்டரான் ஏற்பியை உண்டாக்கச் சொல்வதே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான். ஆகவே இரண்டும் பலமாக இருந்தால் ஹார்மோன் பாதை ஒழுங்காக வேலை செய்கிறது, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை நன்றாகப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவாக இருந்து புரோஜெஸ்டரான் இல்லையென்றால் கட்டி சற்று முரடாக இருக்கும். அப்போதும் மாத்திரை உண்டு. தலைகீழாக, ஈஸ்ட்ரோஜன் நெகட்டிவ், புரோஜெஸ்டரான் பாசிட்டிவ் என்று வருவது மிக அபூர்வம். வந்தால் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஹெர்-2 செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும். 0, 1+, 2+, 3+ என்று நாலு படி. 3+ என்றால் பாசிட்டிவ், ஹெர்-2ஐத் தாக்கும் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துக்கு வழி உண்டு. 2+ என்பது முடிவல்ல. ஜீன் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் போன்ற அடுத்த சோதனை கட்டாயம் வேண்டும். 2+ என்று எழுதி, கீழே எந்தத் தொடர் சோதனையும் இல்லாத அறிக்கை முடியாத அறிக்கை. 0க்கும் 1+க்கும் உள்ள வித்தியாசம் முன்பு யாருக்கும் தேவைப்படவில்லை. 2022 முதல், பரவிய நோயில் 1+, ஃபிஷ் நெகட்டிவான 2+ ஆகியவற்றுக்கும் பலன் தரும் மருந்து வந்துவிட்டதால் அந்த எண்ணையும் குறித்து வையுங்கள்.

கேஐ-67 என்ற சதவீதம் பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் அளவு. 5க்குக் கீழ் இருந்தால் மெதுவான கட்டி, 30க்கு மேல் இருந்தால் வேகமானது என்று நம்பலாம். இடையில் உள்ள எண் ஆய்வகத்துக்கு ஆய்வகம், எண்ணுபவருக்கு எண்ணுபவர் மாறும். 18 வந்தது, 22 வந்தது என்று கவலைப்பட்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை.

வயது எங்கே வருகிறது

மார்பகப் புற்றுநோய் வயதோடு கூடிக்கொண்டே போகும், ஆனால் ஐம்பதை ஒட்டி அந்த வேகம் குறையும். வரைபடத்தில் கோடு அங்கே வளைவதை டென்மார்க்கின் யோஹானஸ் கிளெம்மெசென் 1948இலேயே எழுதினார். ஏன் வளைகிறது என்பது ஏற்பிச் சோதனை பரவலான பிறகுதான் தெளிவானது: அது இரண்டு கோடுகளின் கூட்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத கட்டிகள் ஐம்பது வரை ஏறி, பிறகு அதே மட்டத்தில் நின்றுவிடுகின்றன. ஏற்பி உள்ள கட்டிகள் ஐம்பதுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகின்றன. கண்டுபிடிக்கப்பட்ட வயதை வைத்துப் பிரித்தால் ஒரு கூட்டம் ஐம்பதைச் சுற்றியும் இன்னொன்று எழுபதைச் சுற்றியும் தெரிகிறது. மெடுல்லரி முதல் கூட்டத்தில் விழும், மியூசினஸ், டியூபுலார் இரண்டாவதில். டக்டலில் இரண்டும் கலந்திருக்கும்.

எழுபது வயதில் சினைப்பை ஓய்ந்துவிட்டதே, ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோனைக் கொழுப்புத் திசு அரோமடேஸ் என்ற நொதியின் உதவியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அளவு குறைவுதான், ஆனால் ஏற்பி நிறைந்த செல்லுக்கு அது போதும். மூத்த வயதில் தரப்படும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரைகள் தடுப்பது இந்த நொதியைத்தான்.

இந்தப் போக்கைத் தனி மனிதருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு. எழுபத்தைந்து வயதில் மூன்றும் நெகட்டிவான கட்டியும் வரும். 'இளம் பெண், ஆகவே ஹார்மோன் மாத்திரை பயன்படாது', 'வயதானவர், ஆகவே மாத்திரை போதும்' என்று அறிக்கையைப் பார்க்காமல் சொல்வது இரண்டு பக்கமும் தவறு. 'உங்கள் இனத்தவருக்கு இப்படித்தான் வரும்' என்ற பேச்சும் அதே ரகம். சொவெட்டோவில் பரகவனாத் மருத்துவமனையில் 1,200க்கும் மேற்பட்ட நோயாளிகளின் ஏற்பியைப் பார்த்து 2013இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள்; கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் நெகட்டிவ்தான் வரும் என்ற பழைய எண்ணத்தோடு அது ஒத்துப்போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் இளம் வயது நோயாளிகள் நிறையத் தெரிவதற்கு ஒரு காரணம் மக்கள்தொகையிலேயே இளையோர் அதிகம் என்பது. நோய் வேறு என்பதல்ல.

ஒத்துப் பார்த்தல்

ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: வயதும் மாதவிடாய் நிலையும், திசு வகை, தரம், மூன்று ஏற்பிகள். பிறகு கீழே உள்ளதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

- டியூபுலார், தூய மியூசினஸ், கிரிப்ரிஃபார்ம், பாப்பிலரி, லோபுலார் என்று எழுதியிருந்தும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நெகட்டிவ்.
- எந்த வகையானாலும் தரம் 1, ஆனால் ஹெர்-2 3+; அல்லது (அடினாய்ட் சிஸ்டிக், செக்ரிட்டரி தவிர) ஈஸ்ட்ரோஜன் நெகட்டிவ்.
- மெட்டாபிளாஸ்டிக் அல்லது அடினாய்ட் சிஸ்டிக், ஆனால் ஈஸ்ட்ரோஜன் பலமான பாசிட்டிவ்.
- ஈஸ்ட்ரோஜன் நெகட்டிவ், புரோஜெஸ்டரான் பாசிட்டிவ்.

ஒன்று இருந்தாலும், 'வகையும் ஏற்பியும் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறதே, வேறு துண்டிலோ அறுவையில் எடுத்த கட்டியிலோ மறுபடி சோதிக்க முடியுமா?' என்று கேளுங்கள். இதில் ஆய்வகத்தைக் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. நோய்க்கூறியல் மருத்துவர்களின் வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது.

வயது இந்தப் பட்டியலில் இல்லை, கவனியுங்கள். எண்பது வயது ஆயாவுக்குத் தரம் 3, மூன்றும் நெகட்டிவ் என்று வந்தால் அது முரண் அல்ல, குறைவாக வருவது மட்டுமே. ஆனால் எண்பது வயது, லோபுலார், தரம் 1, ஈஸ்ட்ரோஜன் நெகட்டிவ் என்று வந்தால் மூன்று திசையிலிருந்தும் சந்தேகம் வரவேண்டும்.

சோதனை எங்கே கெட்டுப்போகிறது

பெரும்பாலும் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்னால். உடலிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து திசு அழியத் தொடங்கும். ஏற்பிப் புரதமும் அதோடு போகும். ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போட வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் எடுத்த துண்டு திங்கள் காலையில் பதப்படுத்தப்பட்டால் கணக்குக்குள் வந்துவிடும். நீண்ட விடுமுறை குறுக்கிட்டால் தாண்டிவிடும். முழு மார்பை எடுத்த பிறகு அப்படியே வாளியில் போட்டால் ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் உள்ளே போகும், நடுவில் உள்ள கட்டி நனையாமலே கெடும். அதனால்தான் கட்டி வழியாகக் குறுக்கே சீவிப் போடுகிறார்கள். தொலைவில் உள்ள மாவட்ட மருத்துவமனையிலிருந்து டர்பனுக்கு வண்டியில் வரும் பெரிய மாதிரிகளுக்கு இது நிஜமான ஆபத்து. ஏற்பிச் சோதனையை அறுவைக்கு முன் எடுத்த ஊசித் துண்டில் செய்வது நம்பகமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

எலும்பிலிருந்து எடுத்த பயாப்சியில் இன்னொரு சிக்கல். சுண்ணாம்பை நீக்கப் பலமான அமிலத்தில் போட்டால் ஏற்பியும் ஹெர்-2 ஜீனும் சிதைந்துவிடும். இதற்கென ஈ.டி.டி.ஏ. என்ற மென்மையான கரைசல் இருக்கிறது; அமிலம் பயன்படுத்தியிருந்தால் நெகட்டிவ் முடிவைத் தயக்கத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நெகட்டிவ் என்ற முடிவை நம்பலாமா என்று அறிய அறிக்கையிலேயே ஒரு வரி இருக்கும்: உள்கட்டுப்பாடு. கட்டியைச் சுற்றியுள்ள சாதாரணப் பால் குழாய்ச் செல்களில் சில இயல்பாகவே ஈஸ்ட்ரோஜன் சாயம் பிடிக்கும். கண்ணாடித் தகட்டில் அந்த நல்ல செல்கள் நிறம் பிடித்து, பக்கத்தில் உள்ள புற்றுநோய்ச் செல்கள் வெளிறி இருந்தால் அது உண்மையான நெகட்டிவ். நல்ல செல்களும் வெளிறியிருந்தால் திசுவே கெட்டிருக்கிறது, அந்த முடிவு செல்லாது. உள்கட்டுப்பாடு பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் தவறாக நெகட்டிவ் ஆனால், ஒருவர் ஐந்து வருட மாத்திரையின் பாதுகாப்பை இழக்கிறார். இந்த நோயில் இதைவிட விலை உயர்ந்த எழுத்துப்பிழை இல்லை.

மாதவிடாய் நின்றதா என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்

ஏற்பி பாசிட்டிவ் என்றால் எந்த மாத்திரை என்பதை வயதைவிட மாதவிடாய் நிலைதான் முடிவு செய்கிறது. மாதவிடாய் நிற்காதவருக்கு டாமோக்ஸிஃபென், தினம் 20 மில்லிகிராம், ஐந்து முதல் பத்து வருடம். திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் உள்ள இளம் பெண்களுக்குச் சினைப்பையை அடக்கும் கோசெரெலின் ஊசி, 3.6 மில்லிகிராம், 28 நாளுக்கு ஒரு முறை சேரும். நின்றவருக்கு லெட்ரோசோல் 2.5 அல்லது அனாஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம்.

தவறு நடக்கும் இடம் இதுதான். இயங்கும் சினைப்பை உள்ளவருக்கு லெட்ரோசோலை மட்டும் கொடுத்தால் பயன் இல்லை. மூளை சினைப்பையை இன்னும் தூண்டிவிடும். கீமோவால் மாதவிடாய் நின்றிருக்கும் 42 வயதுப் பெண், கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்ட 46 வயதுப் பெண் இருவருமே 'எனக்கு நின்றுவிட்டது' என்று சொல்வார்கள். இருவருக்குமே சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கலாம். அதனால் டாக்டரிடம் 'நின்றுவிட்டது' என்று மட்டும் சொல்லாமல், எப்போது கடைசியாக வந்தது, கீமோவுக்கு முன்பா பின்பா, ஆபரேஷனில் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தார்களா என்று சொல்லுங்கள். பழைய ஆபரேஷன் காகிதம் வீட்டில் இருந்தால் கொண்டுபோங்கள். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் எஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்), எஃப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) பார்ப்பார்கள். சாதாரண எஸ்ட்ராடையால் சோதனை மிகக் குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது என்பதால் ஒரே முறை பார்த்து முடிவு கட்டக் கூடாது.

டாமோக்ஸிஃபென் சாப்பிடும்போது கரு உண்டாகக் கூடாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போனாலும் கருத்தரிக்க முடியும். ஹார்மோன் இல்லாத காப்பர் வளையம் போன்றதைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். 18 முதல் 30 மாதம் மாத்திரை எடுத்த பிறகு இரண்டு வருடம் வரை நிறுத்திப் பிள்ளை பெற்ற பெண்களுக்கு, குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் டாமோக்ஸிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வேறு மாத்திரை கேளுங்கள். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், மாதவிடாய் நின்றவருக்கு ரத்தப்போக்கு இரண்டும் அன்றைக்கே காட்ட வேண்டியவை. லெட்ரோசோல் எடுப்பவருக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவை.

புரட்டாசி விரதத்தில் சோயா மின்ஸ் சாப்பிடலாமா என்று ஏற்பி பாசிட்டிவ் உள்ளவர்கள் கேட்பதுண்டு. உணவாகச் சாப்பிடும் சோயாவால் நோய் கூடுவதாகத் தெரியவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். சோயாவிலிருந்து பிரித்து எடுத்த ஐசோஃபிளேவோன் மாத்திரையைத் தொட வேண்டாம்.

ஜீன் சோதனை யாருக்கு

ஐம்பது வயதுக்குள் நோய் கண்டவர், எந்த வயதிலும் மூன்றும் நெகட்டிவ் உள்ளவர், ஆண் நோயாளி, ரத்த உறவில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர் பிஆர்சிஏ சோதனை பற்றிக் கேட்க வேண்டும். மூன்றும் நெகட்டிவ் என்றால் பிஆர்சிஏ1 பக்கமும், ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ் என்றால் பிஆர்சிஏ2 பக்கமும் சாயும். குடும்ப வரலாறு கேட்கும்போது அம்மா வழி ஆயா, பெரியம்மாவோடு நிறுத்திவிடாதீர்கள். அப்பா வழி அத்தை, அப்பாவின் அம்மா ஆகியோரும் சமமாகக் கணக்கில் வருவார்கள். 'வயிற்றில் கட்டி வந்து போய்விட்டார்' என்று வீட்டில் சொல்லிவந்தது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு தனிக் கவனம் வேண்டும். ஆஃப்ரிகானர், அஷ்கெனாசி யூதர் ஆகிய சமூகங்களில் வழிவழியாக வரும் குறிப்பிட்ட சில மாற்றங்களை மட்டும் தேடும் மலிவான சோதனை இங்கே உண்டு. தமிழ்க் குடும்பத்துக்கு அதில் நெகட்டிவ் என்று வந்தால் ஏறக்குறைய ஒன்றும் சோதிக்கவில்லை என்றே பொருள். ஜீன் முழுவதையும் வாசிக்கும் சோதனையா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்புத் திட்டம்) உள்ளவர்கள் அனுமதிப் படிவத்தில் சி50 என்ற நோய்க் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பரவாத, குணப்படுத்தக்கூடிய மார்பகப் புற்றுநோய் எல்லாத் திட்டங்களும் தந்தாக வேண்டிய குறைந்தபட்சப் பலன்களுக்குள் வருகிறது. துணை அறிக்கையையும் சேர்த்தே அனுப்புங்கள். ஹெர்-2 முடிவு இல்லாமல் டிராஸ்டுசுமாப் கேட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

மெழுகுக் கட்டியைக் கேட்டு வையுங்கள்

திசுவை மெழுகில் பதித்த கட்டியை ஆய்வகம் வருடக்கணக்கில் பாதுகாத்து வைக்கும். மறுசோதனை, இரண்டாம் கருத்து, கட்டியின் ஜீன்களைப் பார்க்கும் சோதனை எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். உங்களிடமிருந்து மறுபடி திசு எடுக்க வேண்டியதில்லை. அறிக்கையின் மேல் உள்ள ஆய்வக எண்ணைக் குறித்து வைத்தால் போதும். வேறு ஊருக்கு மாறினாலும், அரசிலிருந்து தனியாருக்குப் போனாலும், புதிய டாக்டர் அந்த எண்ணைச் சொல்லி வரவழைப்பார்.

நோய் பின்னாளில் வேறு இடத்தில் தலைகாட்டினால் பழைய ஏற்பி முடிவை வைத்து மருந்து எழுத விடாதீர்கள். முடிந்தால் புதிய இடத்திலிருந்து திசு எடுத்து மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் முதலில் இருந்த ஏற்பி மறைவதும் இல்லாதது வருவதும் உண்டு. மூன்றும் நெகட்டிவ் கட்டி திரும்பினால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் திரும்பும். ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ் கட்டி இருபது வருடம் கழித்தும் திரும்பக்கூடும்; அதனால் பாசிட்டிவ் உள்ளவர்கள் மாத்திரை முடிந்த பிறகும் அந்த அறிக்கையையும் எண்ணையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.